கீழ்ப்படியில் செத்த கெண்டைகள்

காலை ஏழரை மணிக்கு அசோகனின் எஸ்.டி.டி. பூத்துக்குள் பொன்னி ஓடிவந்தாள். முந்தானையில் சுற்றி எடுத்துவந்த செத்த கெண்டை மீனை மேஜைமேல் வைத்தாள்.

"யாரோ எங்க குட்டையில விஷம் வச்சிட்டாங்க சார். மீனுக்கு வச்சவன் நாளைக்கு எங்களுக்கு வைக்கமாட்டானா?"

அவள் கேட்டது மூலையில் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தட்சணாமூர்த்தியிடம். மீன்வளத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவசரப்படவே தெரியாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவசரப்பட அசோகன் இருந்தார். பூத்தைப் பூட்டிவிட்டு முதலில் கிளம்பியதும் அவர்தான்.

குட்டை அவள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. நடக்கும்போதே பொன்னி சொல்லி முடித்தாள். கணவன் இருசப்பன் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விட்டான். பக்கத்து நிலத்துக்காரர் சிவஞானத்தோடு போன வாரம் வரப்புச் சண்டை. முந்தாநாள் அவர் நெல்லுக்கு மருந்து அடித்திருக்கிறார். அவள் குரலில் இருந்த பயம் அசோகனையும் தொற்றிக்கொண்டது.

ஆனாலும் சுனாமி வந்து நாலு மாதம்தான் ஆகிறது, கடல் உப்பு ஊறி மீன் செத்திருக்கலாம் என்றார் அசோகன். தட்சணாமூர்த்தி அல்லி இலைகளைக் காட்டினார். உப்பு ஏறியிருந்தால் அவை இவ்வளவு பச்சையாக இருக்காது.

"அப்ப சிவஞானம்தான் சார்."

"அவர் வயல் மேற்கால இருக்குது. அங்கேருந்து வர்ற வாய்க்கால் காஞ்சு கிடக்குது, பாருங்க. அந்தப் பக்கம் மீனெல்லாம் நல்லாத்தான் துள்ளுது."

செத்தவை எல்லாம் கிழக்கே, படிக்கட்டின் ஓரம் மட்டுமே மிதந்தன. உயிர் இருந்த ஒன்று முதுகு வளைந்து, செவுளை விரித்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பூச்சிமருந்து நரம்பில் ஏறினால் மீன் இப்படித்தான் சுற்றும் என்றார் அவர். பிறகு கீழ்ப்படியில் குனிந்தார். அங்கே கசங்கிய வைக்கோலும் புளிச்சக்கையும் ஒட்டியிருந்தன.

"நேத்து இங்க என்னம்மா கழுவினீங்க?"

"கேன் சார். அவரு தண்ணிக் குடம் உடைஞ்சிடுச்சுன்னு சந்தையில வாங்கியாந்தேன். ஒரு மாதிரி வாடை அடிச்சுது. புளி போட்டு மூணு தடவை தேச்சு, இங்கேயே அலசினேன்."

"ஸ்டிக்கர் இருந்துதா?"

"கிழிச்சிருந்தாங்க சார்."

"கேன் இப்ப எங்க?"

பொன்னி உப்பளத்துப் பக்கம் கை நீட்டினாள். அந்தக் கேனில் கைபம்புத் தண்ணீர் பிடித்துக் கணவன் கையில் கொடுத்தனுப்பியதே அவள்தான்.

உப்பளத்தில் குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. அவரவர் தண்ணீரை அவரவர்தான் தூக்கிப் போக வேண்டும். எட்டு மணிக்குக் கஞ்சி, அப்போதுதான் தண்ணீரைத் திறப்பார்கள். தட்சணாமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அவர் ஓடியதை அசோகன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

பூத் வாசலில் நின்ற அசோகனின் டிவிஎஸ் மொபெட் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு உப்பள வரப்பில் திணறியது. பொன்னி வழியெல்லாம் புருஷன் பெயரைக் கத்திக்கொண்டே வந்தாள். இருசப்பன் உப்புக் குவியலில் சாய்ந்து கிடந்தான். உடம்பெல்லாம் வேர்வை, வாயோரம் எச்சில். பக்கத்தில் கேன் திறந்திருந்தது.

"புளி வாடைதானேன்னு... ரெண்டு வாய் குடிச்சேன்" என்றான்.

உப்பு லாரியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துவிடுவான் என்று டாக்டர் சொல்ல மதியம் ஆகிவிட்டது. அதுவரை பொன்னி சுவரோரம் குந்தியிருந்தாள்.

"நான்தானே சார் குடுத்தனுப்பிச்சேன்."

தட்சணாமூர்த்தி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மூணு தடவை கழுவினதும் நீங்கதாம்மா. அவர் பங்கு விஷத்துல முக்கால்வாசியை மீனுங்க குடிச்சிடுச்சு. ஆனா பூச்சிமருந்து இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் அது தண்ணிக்கு ஆகாது."

அவள் அப்போதுதான் அழுதாள். சட்டென்று அழுகை நின்றது.

"சார், சந்தையில கேன் வித்த அந்த ஆளு கடையில இன்னும் பத்துப் பன்னெண்டு கேன் தொங்குச்சு."

தட்சணாமூர்த்தி எழுந்தார். இந்த முறை அசோகனை விட அவர்தான் வேகமாக நடந்தார்.