ஒரேயொரு மோட்டார்

வியாழனின் நிலவான யூரோப்பாவில், பனிக்கு அடியில் காலை மணி அடித்ததும், நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சுவர்க்குழாயைத் திறந்து தட்டை நீட்டுவார்கள். பாசிக்கூழ் வர வேண்டும். ஆனால் பாதி நாள் எந்த வீட்டிலும் வருவதில்லை. அன்றைக்கும் கடைசி வீட்டில் குழாய் ஏப்பம் மட்டும் விட்டது.

ஆவுடையப்பன் வெறுந்தட்டோடு நின்றான். குடியேற்றத்தின் கூழ்க்குழாய்ப் பொறியாளனே அவன்தான். கடைசி வீடும் அவனுக்குத்தான் வாய்த்தது. கொடுமையைப் பாருங்கள்!

"பிள்ளைக்கு விலா எலும்பை எண்ணிடலாம் போலிருக்கு. ஊரே வச்சிருக்கு. நாமளும் ஒரு மோட்டார் வச்சா என்னங்க?" என்றாள் மனைவி பூரணி.

"ஊரே வச்சதாலதான் இந்தக் கதி." சொல்லிச் சொல்லி அவனுக்கு வாயே வலித்துவிட்டது.

வியாழனின் இழுப்பில் அங்கே பனி ஓயாமல் அசையும். கெட்டிக்குழாய் உடைந்துவிடும் என்று குடல் போன்ற மென்குழாய் போட்டிருந்தார்கள். கூழோ தள்ளினால் இளகும், நின்றால் இறுகும். பின்னாலிருந்து நிதானமாகத் தள்ளும்வரை வம்பில்லை. முன்னாலிருந்து மோட்டார் வைத்து உறிஞ்சினால் குழாயின் சுவர்கள் ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். அந்தப் படபடப்பில் கூழ் நின்று கெட்டிப்பட்டுவிடும். பூமியில் தெருக்குழாயில் மோட்டார் மாட்டிப் பழகிய கை, அறுபது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தும் சும்மா இருக்கவில்லை.

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, அறிக்கை ஒன்றை எல்லா வீட்டுத் திரையிலும் போட்டான். எதையும் ஒளிக்கவில்லை. ஒரு மோட்டாரைக் குழாய் தாங்கும், இரண்டாவதிலேயே ஆடத் தொடங்கும், பத்தாவதில் அடைத்துக்கொள்ளும். ஜனங்கள் படித்தார்கள். வெட்கப்பட்டார்கள்கூட! நானூற்றுப் பதினொரு வீட்டாரும் கழற்றிக் கிடங்கில் ஒப்படைத்தார்கள். ஒரு புண்ணியவான் வீட்டில் மட்டும் இரண்டு இருந்தன.

ஆறு நாள் கூழ் ஒழுங்காக வந்தது. ஏழாம் நாள் காலை, பிள்ளை தட்டை நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதது.

"வருது, இல்லேங்கல. ஆனா கடைசி வீட்டுக்கு அரைத் தட்டுதான் வருது" என்றாள் பூரணி. "ஒண்ணைத் தாங்கும்னு நீங்கதானே எழுதினீங்க? அந்த ஒண்ணு நம்ம வீட்டுதா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

ஆவுடையப்பன் மனசுக்குள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தான். தப்பே இல்லை. யாருக்கும் ஒரு கரண்டிகூடக் குறையாது. பிள்ளையின் அழுகை காதிலேயே நிற்க, சாயங்காலம் கிடங்குக்கு நடந்தான்.

அங்கே அலமாரிகள் எல்லாம் காலி. ஒரே ஒரு மோட்டார் கிடந்தது.

"மத்ததெல்லாம் எங்கே?" என்று காவல் எந்திரனைக் கேட்டான்.

"காலையிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள், ஐயா. ஒன்றைத் தாங்கும் என்ற உங்கள் அறிக்கையைக் காட்டினார்கள். ஒருவர்கூட இரண்டு கேட்கவில்லை. இது உங்களுக்காக வைத்தது."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாளைக் காலையில் ஒரு வீட்டிலும் ஒரு சொட்டு விழாது. அதற்குக் கணக்கு வேறு போட வேண்டுமா? அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். அந்த மோட்டாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நல்லா இழுக்குமா?" என்று கேட்டான்.