வரையப்பட்டவர்கள்

கடம்பனுக்குக் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை சாப்பிடுவதுதான் வேலை. மாயவனத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நின்று கைதட்டும்போதும், ஒரு கையில் கூழ் வாளியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழந்தைகளுக்கு டாட்டா காட்டுவான். இடுப்புக்கு மேலே வாட்டசாட்டமான இளைஞன். இடுப்புக்குக் கீழே செந்நிறக் குதிரை. ‘புரவியன்’ என்று பெயர்ப்பலகை சொன்னது. அந்தக் குதிரை உடம்புக்கு வேண்டிய தீனி முழுவதும் ஒரு மனிதனின் சின்ன வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். ஒருநாளும் போதவில்லை.

அன்று ஆட்டத்தின் நடுவில் முன்னங்கால்கள் மடங்கி விழுந்தான். கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டியது.

செய்தி கேட்டு நப்பின்னை ஓடி வந்தாள். அவனை வரைந்தவள் அவள்தான்.

அவள் கற்பனை உலகங்களுக்கு விலங்குகள் வரைகிற ஓவியர். கணினி விளையாட்டுகளுக்காக இருதலைப் பறவைகளையும் இறக்கை முளைத்த சிங்கங்களையும் வருடக்கணக்கில் வரைந்து வந்தாள். படத்தில் இருக்கும்வரை அவற்றுக்கு நுரையீரல் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. பிறகு உயிர்வார்ப்பி வந்தது. ஒரு படத்தைக் கொடுத்தால் போதும். அந்த உருவம் வருவதற்கு என்ன எலும்பு, என்ன தசை, என்ன மரபணு வேண்டும் என்று அந்த இயந்திரமே கணக்குப் போட்டுக் கோத்துவிடும். மிச்சத்தை வெதுவெதுப்பான கருக்குளம் பார்த்துக்கொள்ளும். இரண்டே ஆண்டில் முழு வளர்ச்சி. இயந்திரத்துக்கு மறுத்துப் பேசத் தெரியாது. படத்தில் இருப்பதை அப்படியே செய்து தரும்.

முதலில் யாளி வந்தது. துதிக்கையும் சிங்கப் பல்லும் ஒரே முகத்தில் இருந்ததால் அதனால் வாயை மூட முடியவில்லை, பட்டினியில் செத்தது. அடுத்து வந்த இறக்கைக் குதிரை பறக்கவே இல்லை. இறக்கையின் பாரம் தாங்காமல் முதுகு வளைந்து படுத்துவிட்டது. அவை வாய் திறந்து எதுவும் சொல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நப்பின்னையும்தான். கடம்பன் பேசினான்.

லாயத்தில் அவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“விழுந்தது ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டாள்.

“விழுந்தது வலிக்கல அக்கா. நிக்கிறதுதான் வலிக்குது.” அவள் கையைப் பிடித்து, மனித முதுகு குதிரை முதுகோடு சேருகிற வளைவில் வைத்தான். “இங்க.”

தோலுக்குக் கீழே தசை துடித்தது. அந்த வளைவை அவள் அழித்து அழித்து வரைந்தது நினைவுக்கு வந்தது.

“இந்த எடத்த ஏன் இவ்ளோ ஒடுக்கமா வரைஞ்சீங்க?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். “பாக்க அழகா இருந்துச்சு.”

அவன் கோபப்படவில்லை. “அழகாத்தான் இருக்கு. எல்லாரும் சொல்றாங்க” என்றான். பிறகு வாளியை எடுத்து மறுபடி குடிக்க ஆரம்பித்தான்.

மாயவனத்தின் முதலாளி சேந்தன் தன் அறையில் அவளுக்காகக் காத்திருந்தார்.

“கூட்டத்துக்கு முன்னாடியே பசிக்குதுன்னு சொல்றான் மேடம். போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு அழ ஆரம்பிச்சு, வீட்டுக்குப் போயும் நிறுத்தலையாம். இவனக் கலைச்சிட்டு ரெண்டாவது பதிப்பு கொண்டாந்துடலாம். கழுத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க. பேச்சு வேணாம்.”

“கலைக்கிறதுன்னா?”

“ஒரு ஊசி. அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

“அவன் ஒரு ஆளு சார்.”

சேந்தன் உண்மையாகவே வியந்து போனார். “ஆளா? அவன் உங்க படம் மேடம். உரிமையோட எனக்கு வித்த படம்.”

நப்பின்னை உயிராக்கத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டாள். கடம்பன் மனிதன், அவனைக் கொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பதே வழக்கு. வழக்கறிஞர் ஹமீதா அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: “உங்க கோடு ஒவ்வொண்ணும் அவன் ஒடம்புல எங்க எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. கேக்குறவங்க மனசு தாங்காது.”

விசாரணை நாளில் கடம்பனை லாரியில் கொண்டு வந்தார்கள். தீர்ப்பாயத்தின் படிகளில் குளம்பு வழுக்கியது. லிஃப்டில் அவன் கொள்ளவில்லை. நீதிபதி பொற்செழியன் தாமே இறங்கி வந்து, கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். நல்ல மனிதர். வாளி அருகில் இருக்கட்டும் என்றார்.

“உனக்கு அப்பா அம்மா யாருப்பா?”

“அப்படி யாரும் இல்லீங்க ஐயா. அக்காதான் வரைஞ்சாங்க.”

நப்பின்னை சாட்சி சொன்னாள். இடுப்பை ஏன் ஒடுக்கினாள், வாயை ஏன் சிறிதாக வைத்தாள், முகம் சோகமாக இருந்தால் கணினி விளையாட்டு ஆடுபவர்களுக்குப் பிடிக்கும் என்று கண்களை எப்படிச் சரித்தாள் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹமீதா நம்பிக்கையோடு தலையசைத்தார்.

கடைசியில் சேந்தனின் வழக்கறிஞர் எழுந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அவன் உடம்பில் நீங்கள் தீர்மானிக்காத பகுதி ஏதாவது இருக்கிறதா அம்மா?”

அவள் கடம்பனைப் பார்த்தாள். காது மடல்வரை பார்த்தாள். “இல்லை” என்றாள்.

தீர்ப்பு அந்தச் சொல்லின் மேல்தான் கட்டப்பட்டது. ‘பிறப்பதற்கு முன்பே இன்னொருவர் வடிவம் தீர்மானித்த உடல், எவ்வளவு அழகாகப் பேசினாலும், ஓர் ஆக்கமே. வடிவத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ, உடலும் அவருடையது.’ நடுவில் பொற்செழியன் ஒருமுறை நிறுத்திக் கடம்பனைப் பார்த்தார். ஆனாலும் முழுவதும் வாசித்து முடித்தார்.

ஊசிக்கு முந்தைய மாலை அவள் லாயத்துக்குப் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான்.

“அடுத்தவன நீங்கதான் வரையணும் அக்கா.”

“நான் இனிமே பென்சிலையே தொடமாட்டேன்டா.”

“நீங்க தொடலன்னா பழைய படத்த வச்சே செஞ்சிடுவாங்க. மறுபடி இதே இடுப்பு. இதே வாய்.”

அவள் அழுதாள். அவன் காத்திருந்தான்.

“வாய பெருசா வைங்க. கழுத்தத் தடிமனா. அசிங்கமா இருந்தாப் பரவால்ல.”

“பேச்சு வேணாம்ங்கிறாங்க. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.”

கடம்பன் வாளியைக் கீழே வைத்தான். “எடுத்துடுங்க” என்றான். “பேசி என்ன ஆச்சு?”

அவள் வரைந்து கொடுத்தாள். எருதுக் கழுத்தும் அகன்ற தாடையும் தூண் போன்ற இடுப்புமாக இரண்டாவது புரவியன் கருக்குளத்திலிருந்து வந்தான். நன்றாகச் சாப்பிட்டான். வயிறு நிறைந்ததும் வெயிலில் படுத்துத் தூங்கினான். பார்க்க வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. பழையதைப் போல லட்சணமாக இல்லை என்றார்கள். ஒரு பருவம் பொறுத்துப் பார்த்த சேந்தன், பழைய படத்தையே வார்ப்பியில் போடச் சொன்னார், பேச்சை மட்டும் நீக்கிவிட்டு. கூட்டம் திரும்பி வந்தது. ஒல்லி இடுப்பும் சரிந்த கண்களுமாக ஒரு புரவியன் வாளியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் டாட்டா காட்டினான்.

நப்பின்னை ஓவியத்தை விட்டுவிட்டு மாநகராட்சிக்குக் குடிநீர்க் குழாய்களின் வரைபடம் போடும் வேலைக்குப் போனாள். குழாய்க்கு வலிக்காது.

அந்த வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு சேந்தன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கூடவே ஓர் இளம்பெண், நிறைமாதம்.

“என் பொண்ணு மேடம். சாருகேசி.”

நப்பின்னை அந்தப் பெண்ணுக்கு மட்டும் நாற்காலியைக் காட்டினாள்.

வந்த விஷயம் இதுதான். உயிர்வார்ப்பி வருவதற்கு இரண்டு தலைமுறை முன்பிருந்தே, வசதியுள்ளவர்கள் கருவடிவகத்துக்குப் போய்த்தான் பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். உயரம், நிறம், குரல், சர்க்கரை நோய் வராத இரத்தம் என்று எல்லாவற்றையும் அங்கே ஒருவர் திரையில் வரைந்து காட்டுவார், பெற்றோர் தலையாட்டுவார்கள். சேந்தன் பிறந்ததும் அப்படித்தான், மகளைப் பெற்றதும் அப்படித்தான். பிள்ளை பெற்றோருக்குக் கிடைத்தது; வடிவத்தின் உரிமையை மட்டும் எந்தக் கருவடிவகமும் யாருக்கும் விற்றதில்லை. அதனால் இதுவரை ஒன்றும் வந்துவிடவில்லை. கடம்பன் வழக்கின் தீர்ப்பைப் படித்த பிறகுதான் கருவடிவகம் விழித்துக்கொண்டது. சாருகேசி அவர்களுடைய ஆக்கம். அனுமதி இல்லாமல் அவள் வயிற்றில் வளர்வது நகல். பிறந்ததும் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டுவிட்டது.

“அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அதையே வந்து சொல்லுங்க மேடம்” என்றார் சேந்தன். “வரைஞ்சதுனால மட்டும் ஒரு உயிரு யாருக்கும் சொந்தமாயிடாதுன்னு.”

“சொன்னேனே சார். நீங்கதான் ஜெயிச்சீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நப்பின்னை கதவைச் சாத்தியிருப்பாள். சாருகேசிதான், “எங்கப்பாவுக்காக வர வேணாம்க்கா” என்றாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. நப்பின்னை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தீர்ப்பாயத்தில் இந்த முறையும் பொற்செழியனே அமர்ந்திருந்தார். நப்பின்னை சாட்சிக் கூண்டில் ஏறி வாய் திறக்குமுன் கருவடிவகத்தின் வழக்கறிஞர் எழுந்தார். மிகவும் பணிவாகத்தான் பேசினார்.

“மன்னிக்க வேண்டும் ஐயா. தாங்களும் எங்கள் கருவடிவகத்தில் வடிவமைக்கப்பட்டவர். தங்கள் தீர்ப்பின்படியே தாங்களும் ஓர் ஆக்கம். ஆக்கத்தின் உரிமையைப் பற்றி ஓர் ஆக்கமே தீர்ப்புச் சொல்ல முடியுமா?”

பொற்செழியன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட, நேர்த்தியான விரல்கள். பிறகு எழுந்து, வடிவமைக்கப்படாத நீதிபதி ஒருவரைத் தேடிக் கொண்டுவரும்படி உத்தரவிட்டுவிட்டு உள்ளே போனார்.

தீர்ப்பாயத்தின் பதிவாளர் மாநிலம் முழுக்கக் கேட்டார். பிறகு டெல்லிவரை கேட்டார். சட்டம் படிக்க வைக்க வசதியிருந்த பெற்றோர் எல்லோருக்கும் கருவடிவகத்துக்குப் போகவும் வசதி இருந்திருக்கிறது. பிற்பகலில் அவர் திரும்பி வந்து, அப்படி ஒருவர் இல்லை என்றார். வழக்கு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை பழைய தீர்ப்பே செல்லும்.

“அப்ப கொழந்தை?” என்று சேந்தன் கத்தினார். “இந்த மாசமே பொறந்துடும் சார்!”

பதிவாளர் கோப்புகளைக் கட்ட ஆரம்பித்தார். அவரும் நல்ல உயரம்; சீரான பல்வரிசை.

சாருகேசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். “அப்பா, என்னை இப்படித்தான் செய்யணும்னு அவங்ககிட்ட யார் போய்க் கேட்டது?”

“நல்லதுக்குத்தாம்மா...” என்றார் சேந்தன்.

நப்பின்னை இன்னும் சாட்சிக் கூண்டிலேயே நின்றிருந்தாள். ஏழை வீட்டில், யாரும் வரையாமல் பிறந்தவள். சட்டப்படி அந்த அறையில் ஒரே மனுஷி அவள்தான். அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை.