வலி மாஃபி, ஆனால் கடுக்குது

ஜிஷாவின் அம்மா லீமா கல்லூரியில் படிக்கிறாள் என்றால் வகுப்பில் யாருமே நம்புவதில்லை.

"அப்போ உங்க வீட்டுல ரெண்டு பேருக்கு ஹோம்வொர்க்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள் பக்கத்து பெஞ்சு ஆபிதா.

லீமா பகலில் பஹ்ரைனின் மனாமா நகரில் நர்ஸ், மாலையில் மாணவி. அவள் படிப்பது இரண்டு வருடப் பட்டம். உடல்நலம், மொழி, வரலாறு, சமூகம் என்று பல பாடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்பா ஷைஜு அதற்கு 'அவியல் டிகிரி' என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து குதைபியாவில் இருக்கும் வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா மேசையை விட்டு எழவில்லை.

"ஆய்வுக் கட்டுரைக்கு இன்னும் தலைப்பு கிடைக்கலையாம்மா?" என்றாள் ஜிஷா.

"இல்ல மக்களே." மகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "ஒரே கேள்வியா இருக்கணும், பதில் சொல்ல ரெண்டு பாடம் வேணும். சர்க்கரை நோய்னு எழுதினேன். எங்க காலேஜ் ஹாலிதா மேடம் 'இது மருத்துவம் மட்டும்'னு திருப்பிட்டாங்க. முத்துக்குளிப்புனு எழுதினா 'இது வரலாறு மட்டும்'னுட்டாங்க. நாளைக்குத்தான் கடைசி நாள்."

"கொடுக்கலேன்னா?"

"இன்னும் ஒரு வருஷம் படிக்கணும். அப்பாவும் டியூட்டியில இருப்பாரு, அவ்வளவு நாள் உன்னைச் சாயந்தரம் தனியா விட என்னால முடியாது. படிப்பு கலாஸ், அவ்வளவுதான்."

ஜிஷாவுக்கு என்னவோ போல் இருந்தது. அம்மா பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம். மாடி அறையில் இருக்கும் கார்மேகம் நின்றிருந்தார். ராமநாதபுரத்துக்காரர், கட்டட வேலை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கம்பெனி கிளினிக்குக்குப் போகலையா?" என்றாள் லீமா.

"போனேன் சிஸ்டர். 'பெயின்?'னு கேட்டாங்க. 'மாஃபி'ன்னேன். யல்லா, கிளம்பு, டியூட்டிக்குப் போன்னுட்டாங்க."

"வலி இல்லைன்னு சொன்னா அப்புறம் என்ன பண்ணுவாங்க?" லீமா கையை மெல்லத் திருப்பினாள். "இப்போ வலிக்குதா?"

"இல்லை சிஸ்டர்."

அம்மா குழம்பிப்போனாள். கார்மேகத்தின் முகம் கோணியதை ஜிஷா கவனித்தாள்.

"வலிக்கலைன்னா, வேற என்ன பண்ணுது மாமா?"

"கடுக்குதும்மா! ராத்திரியெல்லாம் கடுப்பு, தூக்கமே இல்ல. கம்பியைப் பிடிச்சா சுருக்குனு குத்துது."

"அதை ஏன் கிளினிக்குல சொல்லலை?" என்றாள் லீமா.

"அவங்க அதைக் கேட்கலையே சிஸ்டர். வலியைத்தானே கேட்டாங்க?"

ஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றது.

"அம்மா! கடுக்கிறது மொழிப் பாடம். கை வீங்கினது உடல்நலப் பாடம். நர்ஸ் கேட்கிறது ஒண்ணு, மாமா சொல்றது ஒண்ணு. அது ஏன்? ஒரே கேள்விதானே?"

"அதேதான் தலைப்பு!" என்றாள் அம்மா. பிறகு பேனாவை எடுத்தாள். முதலில் கார்மேகத்தின் கையில் கட்டுப் போட்டு, 'கடுக்குது, குத்துது' என்பதை ஆங்கிலத்தில் விளக்கி, கிளினிக்கில் காட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் தன் தாளைத் தொட்டாள்.

மறுநாள் மாலை அம்மா வாசலிலேயே தாளை நீட்டினாள். அடியில் 'சரி' என்று ஹாலிதா மேடத்தின் கையெழுத்து.

"ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. குறைஞ்சது முப்பது பேர்கிட்ட கேட்டு எழுதணுமாம். முப்பது பேருக்கு எங்கே போறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கதவு தட்டும் சத்தம். கார்மேகம் நின்றிருந்தார். கிளினிக்கில் பத்து நாள் ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். அவருக்குப் பின்னால் மாடிப்படி முழுக்க அவரோடு வேலை செய்யும் ஆட்கள்.

"சிஸ்டர், இவனுக்குக் கால் உளையுது. அவனுக்கு எலும்பு குடையுது. தியாகுவுக்குத் தலை விண்ணு விண்ணுனு தெறிக்குதாம். வலி மட்டும் யாருக்கும் இல்ல!"

ஜிஷா நோட்டைத் திறந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டாள்.

"வரிசையா வாங்க மாமா. தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு."