பாக்கெட் இல்லாத கோட்டு

பன்னிரண்டு மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரமாக நான்கு நாள். புதிதாக வெட்டிய எந்த உடையும் கடைக்குப் போகுமுன் வீட்டு வாரிசு அதைப் போட்டுக்கொண்டு அத்தனை நேரம் வெளியே நடமாட வேண்டும். தான் யார் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. அம்மாவின் சட்டம் அது. அம்மாவின் கடை உடைக்காகப் பெரிய வீடுகள் மாதக்கணக்கில் காத்திருக்கும். இந்த முறை சாம்பல் நிறக் கோட்டு... வாரிசான மகள் தானே வரைந்த முதல் கோட்டு.

முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்புக்குள் ஓடியவள் யார் மீதோ மோதினாள். போன், சாவி, பர்ஸ் எல்லாம் தரையில்.

"பாக்கெட்ல வெச்சுக்கலாமேங்க," என்றான் பொறுக்கித் தந்தவன்.

"இதுல பாக்கெட் இல்ல."

"இவ்ளோ பெரிய கோட்டுல ஒண்ணு வைக்க மனசு வரலயா? வரைஞ்ச ஆள் கையை வீசிட்டே போறவர் போல."

சுருக்கென்றது. தையல் கூடத்தில் எல்லோரும் அற்புதம் என்றார்களே... முதலாளி மகளிடம் வேறென்ன சொல்வார்கள்? முறைக்க நிமிர்ந்தாள். மழைத்துளி ஒட்டிய இமைகள்... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். முறைப்பு பாதியிலேயே கரைந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவனாம். மறுநாளும் அதே பஸ் ஸ்டாப்பில் நின்றான். அவள் பஸ் வரும்வரை சாவியும் பர்ஸும் அவன் சட்டைப் பையில் இருந்தன. நாள் முழுக்கக் கண்களையே பார்க்கிறவன் என்பதால் அவள் குனிந்தே பேசினாள்.

மூன்றாம் நாள் பாக்கெட் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டாள். பாக்கெட் வைத்தால் கோட்டின் அழகு கெடும், நம் துணி உடுத்துகிறவர்கள் எதையும் சுமப்பதில்லை என்றாள் அம்மா.

"நான் சுமந்தேன்மா. ரெண்டு கையும் பத்தல. பாக்கெட் இல்லாம இது கடைக்குப் போக வேணாம்."

முதன்முறையாக எதிர்த்துப் பேசிய மகளை அம்மா உற்றுப் பார்த்தாள்.

"இது நீயா சொல்றியா, யாராச்சும் சொன்னாங்களா?"

மகளின் காது சிவந்தது.

"பக்கத் தையலைப் பிரி, பாக்கெட் வை," என்றாள் அம்மா.

நான்காம் நாளும் மழை. அவன் கோட்டில் புதுப் பாக்கெட்டைப் பார்த்தான். சாவியும் பர்ஸும் வாங்கி வைக்கும் தன் வேலை போச்சு என்று சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரமும் முடிந்திருந்தது. இனிச் சொல்லலாம். சொன்னால் இவனும் நாளையிலிருந்து அற்புதம் என்றுதான் சொல்வானோ... உண்மை பேசும் ஒரே ஆளும் போய்விடுவானோ...

"இதை வரைஞ்சது நான்தான். கடை எங்கம்மாவோடது. அடுத்து என் கைக்கு வரப்போகுது."

அவன் கோட்டை மறுபடி மேலும் கீழும் பார்த்தான்.

"அப்போ அன்னிக்கு உங்களையேதான் திட்டினேனா?"

"ஆமா."

"இருந்தாலும்... கோட்டு கொஞ்சம் நீளம்தாங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. அவள் பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை.

"உங்க பஸ் போகுதுங்க."

"போகட்டும். உங்க பஸ் எப்போ?"

அவன் மழையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"என் பஸ் இங்க நிக்கவே நிக்காதுங்க. முதல் நாள் மழைக்கு ஒதுங்கினேன். அப்புறம்... உங்களுக்காகத்தான் வந்தேன்."