குடும்பப் பேர்

காபி ஆறிக்கொண்டிருந்தது. மாமனார் நஞ்சுண்டன் டம்ளரைத் தொடவில்லை. அவர் காபியைத் தொடவில்லை என்றால் அந்த வீட்டில் அன்றைக்குப் பஞ்சாயத்து என்று அர்த்தம்.

"இன்னைக்குத்தான் கடைசி நாளாமா?"

"ஆமாங்க மாமா."

"வாயத் தொறந்து கேட்டா பள்ளிக்கூடத்துல சீட்டுத் தர்றான். என்ற பையன் சொல்லியும் கேக்க மாட்டீங்கறே, நான் சொல்லியும் கேக்க மாட்டீங்கறே. வயித்துல பொறந்த புள்ளையா இருந்தா இப்படிக் கையக் கட்டீட்டு நிப்பியாம்மா?"

தாமரைச்செல்வி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்புக்கு மேலிருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டாள். அந்த இரைச்சலில் அழுதால் வெளியே கேட்காது. அது அவளுக்குப் பழக்கம்.

'அம்மா' என்றா சொன்னார்? கோயமுத்தூரிலிருந்து அமெரிக்காவின் இர்விங் ஊருக்கு வந்த நாளாய் வாய் நிறைய, செல்லமாய் 'அம்மிணி' என்றுதான் கூப்பிட்டார். அவளும் அம்மிணி, பேத்தி கயலும் அம்மிணி. இந்தச் சண்டை தொடங்கியதிலிருந்து அம்மிணி பேத்திக்கு மட்டும். மருமகளுக்கு, யாரோ வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'அம்மா'.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. எட்டாம் வகுப்புவரை ஒரே கட்டிடம். மற்ற பிள்ளைகளுக்குக் குலுக்கல். அரசாங்கப் பொறுப்பில் இருந்து தத்து வந்த பிள்ளைகளுக்கு முதலிடம். கயலும் அப்படித் தத்து வந்தவள்தான், நாலு வயது. இந்த வீட்டுக்கு வருமுன் மூன்று வீடு மாறியவள். இனி எதுவும் மாறாத ஓர் இடம் அவளுக்கு வேண்டும். அது தாமரைக்குத் தெரியாதா?

ஆனால் அமெரிக்காவில் எதையும் சும்மா தரமாட்டார்கள். தந்தால் கூடவே ஒரு கேள்வி வரும். பிள்ளை 'ஃபாஸ்டர் கேர்' பிள்ளையா, அரசாங்கப் பொறுப்பில் வேறு வேறு வீடுகளில் வளர்ந்ததா என்று கேட்பார்கள். அந்த வார்த்தை கயலுக்குத் தெரியும். அது காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தர் அவள் துணிமணியைப் பையில் திணித்திருக்கிறார்கள். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது... இன்றுவரை கயல் தன்னை 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை என்பதையே அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தூக்கத்தில் 'மம்மி' என்பாள். அது வேறு யாரோ.

"நான் மட்டும் போயிட்டு வர்றேங்க மாமா," என்றாள். "கயல் இங்கயே உங்களோட இருக்கட்டும்."

"புள்ளையக் காட்டாம எவனாவது சீட்டுத் தருவானா? இவனுங்களை நம்பப்படாது. நானும் வர்றேன், புள்ளையும் வருது."

கயலின் சுருட்டை முடியைத் தண்ணீர் தொட்டு அவரே படிய வாரினார். நெற்றியில் திருநீறு பூசினார். அவள் தன் குட்டிப் பையை மாட்டிக்கொண்டாள்.

பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள். மெதுவாகத்தான் கேட்டாள். தாமரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முடிந்தமட்டும் குரலைத் தாழ்த்தி, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

நாற்காலியிலிருந்து கயல் இறங்கினாள். பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். கதவோரம் போய் நின்றாள். அழவில்லை. யாரோ கூட்டிப்போக வருவார்கள் என்பதுபோல நின்றாள்.

"என்ன கண்ணு, எங்க போறே?" நஞ்சுண்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்த வார்த்தையக் கேட்டா வேற வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு மூட்டை கட்டீருவா மாமா," என்றாள் தாமரை. "அதுக்குத்தான் வரமாட்டேன்னேன். சீட்டு வேண்டாம்னு இல்லீங்க..."

கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அலுவலகப் பெண் எழுந்து வந்து குழந்தைக்கு எதிரில் குனிந்தாள். பேர் என்ன என்று கேட்டாள்.

"கயல்."

"லாஸ்ட் நேம்?"

குடும்பப் பேராக ரஞ்சித்குமார் என்று அப்பா பேரைச் சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள். கயல் தாமரையைப் பார்த்தாள். ஓடி வந்து அவள் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அம்மிணி," என்றாள். "ஐயாம் கயல் அம்மிணி. ஷீ இஸ் தாமரை அம்மிணி. ஸேம் நேம். ஐ ஸ்டே வித் ஹெர்."

தாமரை தரையிலேயே மண்டியிட்டுப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் மின்விசிறி இரைச்சலுக்குள் அழுததெல்லாம் சேர்ந்து வந்தது.

"என்ன சொல்லுச்சு? என்ற வார்த்தையாட்டம் கேட்டுது?"

"நம்ம குடும்பப் பேரே அம்மிணின்னு நெனச்சுட்டா மாமா. எனக்கும் அதே பேராம். அதனால... என்கூடத்தான் இருப்பாளாம்."

நஞ்சுண்டன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

சீட்டு கிடைத்தது. வெளியே வந்தார்கள். அம்மா என்ற சொல் பிள்ளை வாயில் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று கயலைத் தூக்கிக்கொண்டு தாமரை முன்னால் நடந்தாள்.

கிழவர் பின்னால் நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது. இரண்டு முறை திறந்து மூடியது.

"அம்மிணி," என்றார். "காலைல காப்பி குடிக்கல நானு."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.