அவவுக்கு இடம் காணாது

தியாகராசா அந்தச் சொல்லை முதலில் எப்போது சொன்னார் என்று குணபூசணிக்குச் சரியாக நினைவில்லை. ஆமையைக் கொண்டுவந்த அன்றே சொன்னார் என்று சில சமயம் தோன்றும். இல்லை, பெட்டி அடித்து முடித்த பிறகுதான் என்று சில சமயம் தோன்றும். இப்போது அவள் இருக்கும் இடத்தில் எதையும் வரிசைப்படுத்திப் பார்க்க முடிவதில்லை. மழை பெய்துகொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம். அவர் மரவள்ளிக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டே, தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:

"அவ சாப்பிட்டவவோ?"

வீட்டில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும். யாழ்ப்பாணத்தார் வாயில் 'அவ' என்றால் மதிப்போடு பேச வேண்டிய ஒரு பெண். ஆடு, மாடு, பூனை, ஆமை எல்லாம் 'அது'தான்.

"ஆரைக் கேக்கிறியள்?"

அவர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கிழங்கைப் பிட்டார். அறைக்குள்ளிருந்து, நகம் பலகையை உரசும் சத்தம் கேட்டது. சரக். சரக்.

அது 1943. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், குமாஸ்தா தியாகராசாவுக்கு இரண்டாம் தாரமாகக் கிள்ளானிலிருந்து அவள் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல் தாரம் நேசம்மா, ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் நுழைவதற்கு இரண்டு வாரம் முன்பு இறந்தவள். குண்டுக்குப் பயந்து பின்வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழியில் இறங்கியிருக்கிறாள். ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் ஊறிய மண் அப்படியே சரிந்து அவளை மூடியது. குண்டு அந்தப் பக்கமே விழவில்லை. உடலை எடுத்துத் தகனம் செய்தார்கள், குழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் மண் கறுப்பாக, பொதபொதவென்று இருந்தது.

கூடத்தில் நேசம்மாவின் படம் தொங்கியது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சிரிப்புக்குப் பூ வைப்பது குணபூசணியின் வேலை. பூ வைக்கும்போது அவளுடைய நாக்கு தன் பல்வரிசையைத் தானாகத் தடவிப் பார்க்கும். நெருக்கமான, ஒழுங்கான பற்கள். அவற்றைப் பார்த்து அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அவளைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இஞ்சரும்" என்பார், அவ்வளவுதான். தூக்கத்தில் மட்டும் ஒரு பெயர் வரும். "நேசம்."

ஆமையைத் தந்தது அவரோடு வேலை செய்யும் ஒரு மலாய்க்காரர். சுங்கை பூலோப் பக்கம் தண்டவாளத்தோரப் புதரில் கிடந்ததாம். சோற்றுத் தட்டளவு அகலம், காய்ந்த இலையின் நிறம். வெளியே விட்டால் அந்திக்குள் யாராவது ஒருவர் வீட்டு அடுப்பில் ஏறிவிடும், ஊரே பட்டினியில் கிடந்த காலம். அதனால் வீட்டுக்குள் பெட்டி அடிக்கத் தொடங்கினார்.

குசினியில் பாத்திரம் வைக்க ஒரு தட்டுப் பலகை அடித்துத் தரும்படி அவள் ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பலகைக்கு எங்கே போவது என்று சொல்லிவந்தவர், இப்போது இரண்டு தோளிலும் பலகை சுமந்து வந்தார். ரயிலில் சாமான் வந்த பெட்டிகளை உடைத்த பலகை, எண்ணெயும் ஈரமும் கலந்த நாற்றம். காலை வெயில் விழும் ஜன்னலுக்குக் கீழே இடம் பார்த்தார். சீமெந்துத் தரை குளிரும் என்று கோணிச்சாக்கை விரித்தார். இடுக்குகளில் துணி வைத்து அடைத்தார். மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, மேலே சருகு பரப்பி, ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பானையைக் கவிழ்த்து, தண்ணீருக்கு எனாமல் மூடி ஒன்றைப் பதித்தார். நான்கு மூலைகளிலும் குறுக்குப் பலகை வைத்து அடித்தபோது அவள் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு கவனமாக அந்தக் கைகள் தன்னைத் தொட்டதில்லை என்று நினைத்தாள்.

"மூலைக்கு ஏன் பலகை?"

"மூலையிலைதான் ஏறும். மூலை இல்லாட்டி ஏறாது." ஆணியை வாயில் கவ்வியபடியே பேசினார். "இடுக்காலை வெளிச்சம் தெரிஞ்சால் நாள் முழுக்க அதிலையே முட்டிக்கொண்டு நிக்கும். தெரியாட்டி, இதுதான் உலகமெண்டு இருந்திடும்."

அப்போது 'அது' என்றுதான் மனத்தில் வைத்துப் பேசினாரோ? அதுவும் அவளுக்கு நினைவில்லை.

அடுத்த வீட்டு இராஜம்மா எட்டிப் பார்த்தாள். அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லோரியில் ஏற்றிப் போய் மூன்று மாதம்.

"என்னாண்ணே இது, கூண்டா தொட்டிலா? ஆமையப் போயி வீட்டுக்குள்ள வைப்பாங்களா? ஜப்பான்காரன் நுழைஞ்சது பத்தலையாக்கும்!"

தியாகராசா சிரிப்பது அபூர்வம். அன்று சிரித்தார். "தானா நுழைஞ்சால்தான் கூடாது. இது நான் தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் கூட்டிக்கொண்டு வந்தால் குற்றமில்லை."

'கூட்டிக்கொண்டு' என்ற சொல் குணபூசணிக்கு உறுத்தியது. ஆமையை யாராவது கூட்டிக்கொண்டு வருவார்களா?

பத்து நாளில் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றினார்.

"அவவுக்கு இடம் காணாது."

அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். இடம் போதவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். மூன்றடிப் பெட்டி நாலடியானது, ஐந்தானது, கடைசியில் ஆறடி நீளம், இரண்டரையடி அகலம் என்று நின்றது. கட்டிலை அறைக்கு வெளியே போட்டார்கள். புதிய இடத்துக்கு மண் வேண்டியிருந்தது. அவர் பின்வளவுக்குப் போய், புல் முளைக்காத அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். சாக்குச் சாக்காகக் கறுப்பு மண் வீட்டுக்குள் வந்தது. மழை நாட்களில் வீடு முழுக்க அதன் வாசனை, நனைந்த வேர், துருப்பிடித்த தகரம், அதற்கும் அடியில் மெலிதாக, தலைக்குத் தேய்த்துப் பழசான தேங்காயெண்ணெய்.

டோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருந்த காலம். எட்டு மணி அடித்தாலும் விடியாது. அந்த இருட்டுக் காலையில் அவர் கங்கோங் கீரையை ஒவ்வோர் இலையாக ஆய்ந்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவார். சருகின்மேல் தண்ணீர் தெளிக்கும் சத்தம். பிறகு குரல். என்ன சொல்கிறார் என்று கேட்காது. கொஞ்சுகிற தொனி மட்டும் கதவைத் தாண்டி வரும். குணபூசணி அடுப்பின்முன் குந்தி, ஊதுகுழலைப் பிடித்தபடி ஊதாமல் உட்கார்ந்திருப்பாள். நெஞ்சுக்குள் எரிவது எது என்று நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஓர் ஆமை. ஒரு செத்தவள். இந்த இரண்டில் எதைப் பார்த்து?

ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும், ஆமையை முந்தானையில் சுற்றி இராஜம்மாவிடம் கொடுத்தாள்.

"அக்கா, அண்ணே கேட்டாருன்னா—"

"கேக்கமாட்டார். பிள்ளையளுக்கு ஆக்கிக் குடும்."

அந்தியில் இராஜம்மா பின்வாசலில் வந்து நின்றாள். முகத்தில் பல நாளைக்குப் பிறகு சாப்பிட்ட களை. கையில் கழுவித் துடைத்த ஓடு. "இது வேணுமாக்கா? தண்ணி மொள்ள ஆகும் லா."

குணபூசணி அதை வாங்கி விறகுக்கு அடியில் செருகினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று நன்றாக மூச்சு விட்டாள்.

மறுநாள் விடியாத காலை. கீரை ஆயும் சத்தம். தண்ணீர் தெளிக்கும் சத்தம். குரல். அவர் வெளியே வந்து, முகம் கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவள் உள்ளறைக்குப் போனாள். கவிழ்ந்த பானைக்கு அடியில் ஒன்றுமில்லை. சருகில் ஒரு பள்ளம் மட்டும், நீளமாக. யாரோ ஒருக்களித்துப் படுத்து எழுந்ததுபோல. பள்ளத்தின் தலைமாட்டில் கீரை கிடந்தது. பாதி தின்ற நிலையில்.

ஆமைக்குப் பல் கிடையாது. அவரே காட்டியிருக்கிறார். அலகுதான், கத்தரியால் வெட்டினாற்போல இலை நறுக்கென்று போகும். அவள் ஓர் இலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வளைவாக ஒரு கடி. பல் பல்லாகப் பதிந்திருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இலை அறுபடாமல், மெல்லிய நாராக நீண்டு நின்றது.

முன்பற்களின் இடைவெளி.

இலையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடவில்லை. அங்கேயே நின்றாள். பயம் வந்தது, ஆனால் பயத்துக்கு முன்னால் மற்றது வந்தது. செத்தும் இவளுக்கே இலை. செத்தும் இவளுக்கே குரல்.

அன்று இரவு அவள் கேட்டாள். "ஆமை எங்கை?"

"ஆமையோ? அது எங்கையோ போட்டுது போலை." அவர் விளக்குத் திரியைக் குறைத்தார். "போகட்டும். அவ இருக்கிறா."

அந்த இரண்டு சொற்களும் அவளுக்குள் இரவு முழுவதும் கிடந்தன. அது போய்விட்டது. அவ இருக்கிறா. இந்த வீட்டில் தனக்கு எந்தச் சொல்?

எட்டு மணி அடிக்கும் முன்பே எழுந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவைத் திறந்தாள். மண்வாசனை முகத்தில் ஈரத்துணிபோல ஒட்டியது. பலகை முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மறுகாலையும். சருகு நொறுங்கியது. அந்தப் பள்ளத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

ஒரே ஒரு முறை. அந்தக் குரல் தன்னிடம் பேசினால் எப்படி இருக்கும் என்று.

மண் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. இடுப்புக்கு இடுப்பு, தோளுக்குத் தோள், அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

கதவு திறந்தது. அவருடைய காலடி. தண்ணீர் நெற்றியில் விழுந்தது, குளிர்ச்சியாக. கை வந்து தலையைத் தடவியது. அவ்வளவு மெதுவாக.

"வடிவா நித்திரை கொண்டீரோ, நேசம்?"

அழுகை வந்தது. அவள் வாயைத் திறந்தாள், நான்தான் என்று சொல்ல. உதட்டில் இலை பட்டது. தின்றாள்.

அப்போது குசினியில் ஊதுகுழல் ஊதும் சத்தம் கேட்டது.

விறகு படபடத்தது. பாத்திரம் உருண்டது. யாரோ ஒரு பெண் செருமினாள். வளையல் சத்தம்.

தியாகராசாவின் கை நின்றது. அவர் எழுந்தார். ஜன்னலில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திரும்பிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இஞ்சை வாரும், நேசம். இது சாப்பிட்டிட்டுது."

இது.

எழ முயன்றாள். முழங்கால் மடங்கவில்லை. கை தரையை விட்டு எழவில்லை. பலகை உயரமாக இருந்தது. மிக உயரமாக. மூலைக்குப் போனாள். மூலை இல்லை. அடுத்த மூலை. இல்லை. நகம் பலகையை உரசியது. சரக்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். குணபூசணியின் சேலை. குணபூசணியின் தோடு. குணபூசணியின் முகம். முன்பற்களின் நடுவே இடைவெளி தெரியச் சிரித்தாள்.

ஜப்பான்காரர்கள் 1945-ல் போனார்கள். கடிகாரங்களைப் பழைய நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். இராஜம்மாவின் புருஷன் சயாமிலிருந்து வரவில்லை. அவள் பிள்ளைகளோடு செந்தூலில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். தியாகராசா சில காலம் பழைய வேலை பார்த்துவிட்டு, மனைவியோடு ஊருக்குக் கப்பலேறினார். வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்த குணபூசணியின் தகப்பனார், மகள் உடம்பு தேறியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அவள் சிரித்தபோது மட்டும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டில் இப்போது வேறொரு குமாஸ்தாவும் அவர் மனைவி சந்திரகலாவும் இருக்கிறார்கள். உள்ளறையில் ஓர் ஆமையை விட்டுப் போகிறோம் என்று போனவர்கள் சொன்னதால், சந்திரகலா காலையில் ஒரு கைப்பிடி கங்கோங் கீரையைக் கதவிடுக்கால் போட்டுவிட்டு, எட்டிப் பார்க்காமல் வந்துவிடுகிறாள். அது சாப்பிடுகிறது. மற்ற நேரமெல்லாம் பலகையோரமாக நடந்து மூலையைத் தேடுகிறது.