பற்களுக்கு நடுவில் இருந்த காசு

நெடுந்தீவின் மாவிலித்துறையில் படகைவிட்டு இறங்கும்போதே இராசநாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது. இதே காரியத்துக்காக முன்பு ஒருமுறை புறப்பட்டபோது, காற்றென்று சொல்லிப் புறப்படும் துறையான குறிகட்டுவானிலேயே படகை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு முறை நெடுந்தீவு வரை வந்தும், காசைக் கண்டெடுத்த தீவுவாசி மனுவேல் மாடு தேடிப் போய்விட்டதால் பூட்டிய வாசற் படலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது.

நில அளவை வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் புளியங்கூடலில் வாழ்ந்துவந்த இராசநாயகத்துக்கு ஒரே பைத்தியம், பழைய உரோம நாணயங்கள். அதிலும் உரோமாபுரியில் அடித்தவை அல்ல; உரோமருக்கு அடங்கிய தூர நகரங்கள் தமக்கென்று அடித்துக்கொண்ட மாகாணக் காசுகள். ஒரு பக்கம் பேரரசனின் தலை, மறுபக்கம் அந்த ஊர்த் தெய்வம், சுற்றிவரக் கிரேக்க எழுத்தில் ஊரின் பெயர். வெளிநாட்டு நண்பர்களிடம் மாற்றி மாற்றி அலுமாரித் தட்டு நிறையச் சேர்த்துவிட்டார். ஆனால் இந்தத் தீவுகளின் மண்ணில் எடுத்த ஒன்று அவர் கண்ணில் படவேயில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் முகம் தேய்ந்த சின்னச் செப்புத் துண்டுகள். "மாகாணக் காசு இஞ்சை வந்திருக்கவே ஏலாது" என்று யாழ்ப்பாணத்துச் சேகரிப்பாளர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அவரைச் சிரித்தே மடக்கிவிடுவார்கள்.

மனுவேல் கைபேசியில் அனுப்பிய மங்கலான படத்தில் ஒரு கிரேக்க எழுத்துத் தெரிந்தது. அதற்குத்தான் இந்த அலைச்சல்.

இந்த முறை மனுவேல் வீட்டில் இருந்தார். ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. பவளக்கல் மதிலின்மேல் ஒரு சிரட்டையில் காசு கிடந்தது.

"மாட்டுக்குத் தண்ணிக்கெண்டு துரவு கிண்டினனான் அண்ணை. மண்டையோடு ஒண்டு வந்தது. காசு அதின்ரை பல்லுக்கு நடுவிலை இருந்தது. பல்லு விடேல்லை. நெம்பித்தான் எடுத்தனான்."

இறந்தவரின் வாயில் காசு வைத்துப் புதைப்பது பழைய கிரேக்க, உரோம வழக்கம் என்று இராசநாயகம் படித்திருந்தார். "எலும்புகள்?"

"எடுத்த இடத்திலையே தாட்டுச் செபமும் சொன்னனான். மாடுகள்தான் அந்தப் பக்கம் போகுதில்லை." மனுவேல் சிரட்டையை அவர் பக்கம் தள்ளினார். "எனக்கு ஒண்டும் தரவேண்டாம். கொண்டு போங்கோ."

இப்படிக் கிடைத்ததை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இராசநாயகத்துக்குத் தெரியும். வாசித்துவிட்டு ஒப்படைக்கலாம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் காசைச் சுத்த நீரில் ஊறப்போட்டார். பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, நாரத்தை முள்ளால் பச்சைக் களிம்பை மெல்ல மெல்லச் சுரண்டினார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு மூக்குத் தெரிந்தது. அதன் ஓரத்தில் எழுத்தின் ஒரு கால்.

மறுநாள் காலையில் பார்த்தால் களிம்பு மூடிக் கிடந்தது. ஈரமாக, தடிப்பாக, முன்பைவிடப் பச்சையாக.

மறுபடி சுரண்டினார். மறுபடி மூடியது. முதல் எழுத்தைக் கண்டுபிடித்தால் இரண்டாவது மறைந்தது. இரண்டாவதைத் துப்புரவாக்கினால் முதலாவது இருந்த இடமே தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட மனைவி கமலாதேவிமேல் எரிந்து விழுந்தார். முள்ளை முறித்து யன்னலுக்கு வெளியே எறிந்தார்.

அந்தக் கிழமைதான் சத்தம் தொடங்கியது.

உச்சிப்பொழுதில், தெருவில் நாய்கூட நடமாடாத வெயிலில், யன்னல் சாத்திய இருட்டறைக்குள் அலுமாரிப் பக்கமிருந்து வந்தது. உலோகத்தைப் பல்லால் அரைக்கும் சத்தம். கூடவே, புதிதாகக் கிண்டிய உவர்மண்ணின் வாடை. கதவைத் திறந்தால் நின்றுவிடும். சாத்தினால், சற்றுப் பொறுத்துத் தொடங்கும்.

சோறு செம்பாகக் கைத்தது. தேத்தண்ணீரும் கைத்தது.

"இஞ்சருங்கோ, ஏன் வாய்க்குள்ளை என்னவோ வைச்சுக்கொண்டு கதைக்கிறியள்?" என்று கமலாதேவி கேட்டார்.

"நான் ஒண்டும் வைக்கேல்லை. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

சொல்லும்போதே நாக்குப் புரள மறுத்தது.

காசை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு, மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தார். மூச்சு முட்டி விழித்தார்.

திறப்பு மடியில் இருந்தது.

அலுமாரி பூட்டியே இருந்தது.

காசு அவருடைய நாக்குக்குக் கீழே இருந்தது.

அதற்குமேல் பற்கள் இறுகப் பூட்டியிருந்தன. தாம் கடிப்பதாக அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து இழுத்துத்தான் வாயைத் திறக்க முடிந்தது.

மறுநாள் முதற்படகில் நெடுந்தீவுக்குப் போனார். மனுவேல் பனைகளுக்கு ஊடாக அவரைக் கூட்டிச் சென்றார். துரவு நிறையத் தண்ணீர் ஏறியிருந்தது. இந்தக் கோடையில் தீவில் எந்தக் கிணற்றிலும் இவ்வளவு தண்ணீர் இல்லை.

"எலும்பு எவ்விடத்திலை?"

"அடியிலை. இப்ப எடுக்க ஏலாது அண்ணை. தண்ணிக்குள்ளை போட்டுட்டு வாங்கோ."

இராசநாயகம் துணி முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளங்கையில் காசு துப்புரவாக இருந்தது. ஒரு பொட்டுக் களிம்பு இல்லை. பேரரசனின் தலைமயிர்ச் சுருள், மறுபக்கத்தில் சாய்ந்திருந்த தெய்வத்தின் தாடி, சுற்றிவர ஊர்ப்பெயரின் ஒவ்வொரு எழுத்தும் நேற்று வெட்டியதுபோல் வெயிலில் நின்றன. இத்தனை வருடம் அவர் தேடியது அது. ஒருமுறை வாசித்தால் போதும். படம் எடுத்தால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

முதல் எழுத்தை வாய்விட்டுச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார்.

தாடை இறுகத் தொடங்கியது.

"அண்ணை," என்றார் மனுவேல் தாழ்ந்த குரலில். "வாசியாதேங்கோ. உங்கடை கை வாய்க்குப் போகுது."

பார்த்தார். காசைப் பிடித்த கை உதட்டருகே வந்துவிட்டிருந்தது.

வீசி எறிந்தார். தண்ணீர் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. இராசநாயகம் துரவுக்கரையில் குந்தி அழுதார். பயத்தில் அல்ல. இரண்டு எழுத்தோடு ஊரின் பெயர் போய்விட்டது. அந்த இரண்டும் எவையென்று இப்போது நினைவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணீர் இனித்தது. அலுமாரி அறையில் சத்தம் இல்லை. கமலாதேவியிடம் மன்னிப்புப்போல எதையோ முணுமுணுத்தார். அவரும் விளங்கிக்கொண்டு சிரித்தார். நாட்கள் சும்மா போயின.

ஒரு மத்தியானம் மனுவேலின் அழைப்பு வந்தது.

"அண்ணை, துரவுக்குள்ளை ஆரோ கதைக்கினம். தமிழில்லை. சிங்களமும் இல்லை. போனைக் கிட்டப் பிடிக்கிறன், கேளுங்கோ."

முதலில் காற்று. பிறகு குரல். நெடுங்காலம் காசால் வாய் அடைபட்டிருந்த ஒருவரின் தடித்த, அவசரமான குரல். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. எத்தனை தரம் சொன்னாலும் விளங்காத ஒருவருக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு தடவையும் கோபம் கூடிக்கொண்டு போனது. ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று இராசநாயகம் மூச்சடக்கிக் கேட்டார்.

பிடிபடவில்லை.

தொடர்பு அறுந்தது. கைபேசியைக் கதிரையில் வைத்தார்.

பேச்சு நிற்கவில்லை.

குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் வாசலில் நின்றார். கமலாதேவி முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கை நிற்காமல் வெட்டியது. வாயும் நிற்கவில்லை; துரவிலிருந்து கேட்ட அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

குரல் கமலாதேவியுடையதுதான்.

மொழி அவருடையது அல்ல.